பார்க் பக்கத்துல வாடகை வீடு: மூணு வருஷம் இருந்து பார்த்துட்டு எழுதுற ரிவ்யூ

இயர்போன், மிக்ஸி, பிரியாணிக் கடைன்னு எல்லாத்துக்கும் ரிவ்யூ எழுதுறாய்ங்க, மாசாமாசம் சம்பளத்துல மூணுல ஒரு பங்கைத் தூக்கிக் குடுக்குற வாடகை வீட்டுக்கு மட்டும் ஒருத்தனும் எழுத மாட்றான். சரி நம்மளே எழுதுவோம்னு உக்காந்துட்டேன். இடம் மதுரை கே.கே.நகர் சைடு. பார்க் பேரு வேணாம், ஏன்னா கீழ அதோட குறையெல்லாம் வண்டி வண்டியா வரும். ஈகோ பார்க், ராஜாஜி பார்க் மாதிரி வெளியூர்க்காரவுங்க வந்து போட்டோ எடுக்குற பெரிய பார்க் இல்ல, நாலு தெருவுக்கு நடுவுல சுத்துச்சுவர் போட்ட ஏரியா பார்க், ஒரு ஏக்கர் இருந்தா அதிகம், உள்ள ஒரு நடைபாதை, வேம்பு புங்கை, ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, தண்ணி வராத ஒரு ஃபவுண்டன், அவ்வளவுதான். அதை ஒட்டி ரெண்டு வீட்டுல குடியிருந்தாச்சு, மொத வீடு பதினோரு மாசம், இப்ப இருக்குறது ரெண்டு வருஷத்துக்கு மேல. ரெண்டுக்கும் அனுபவம் மலைக்கும் மடுவுக்கும். மொத வீட்டுக்கு அஞ்சுக்கு ஒன்றரை, இப்ப உள்ளதுக்கு நாலேகால். பார்க் ஒண்ணுதான், வீட்டுக்கு வீடு கூப்பிடு தூரம்தான், எப்டி இவ்ளோ வித்தியாசம்னு கேட்டீங்கன்னா அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளம் எழுதுறேன்.

இந்த ரெண்டு வீட்டுக்கும் முன்னாடி இருந்தது வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துல. ஊருக்கு நடு சென்டர், எது வேணும்னாலும் கால்நடையா போயி வாங்கிடலாம், நைட்டு பன்னெண்டு மணிக்கும் பரோட்டா கெடைக்கும், அதெல்லாம் சொர்க்கம்தான். ஆனா எதுத்த வீட்டுல மொளகா தாளிச்சா நம்ம வீட்ல தும்முவோம், அவ்ளோ நெருக்கம். அப்பா மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல ஷிஃப்ட் பார்த்த ஆளு, ரிடையர் ஆகியும் காலைல நாலரைக்கு முழிப்பு தட்டிரும். சுகர் வந்ததுக்கு அப்புறம் டாக்டர் தெனம் அரை மணி நேரம் நடங்கன்னாரு. எங்க நடக்குறது, சந்துல எறங்குனா ரெண்டு பக்கமும் பைக்கு, நடுவுல மாடு. யாரோ சொன்னாங்கன்னு மொட்டை மாடில சாக்பீஸ்ல எட்டு போட்டு எட்டு நடை நடந்தாரு. வாட்டர் டேங்குக்கும் கொடில காயிற சேலைக்கும் நடுவுல ஒரு மனுஷன் தெனம் எட்டு போடுறத கீழ இருந்து பார்த்தா சிரிப்பும் வரும் சங்கடமாவும் இருக்கும். ரெண்டு மாசத்துல தலை சுத்துதுன்னு விட்டுட்டாரு.

அப்புறம் நான் ஒரு ஐடியா பண்ணேன், காலைல வண்டில உக்கார வச்சு யானைக்கல் பாலம் தாண்டி காந்தி மியூசியம் பக்கம் கொண்டு போயி விடுறது, அங்கிட்டு நல்ல மர நிழலு, ராணி மங்கம்மா அரண்மனைய மியூசியமா மாத்தி 1959ல நேரு வந்து தெறந்து வச்ச இடம், அப்பாவுக்கு அந்த ஏரியா மேல ஒரு பிரியம் உண்டு. எத்தன நாள் போனோம்னு நெனைக்கிறீங்க, ஒம்பது நாள். பத்தாவது நாள் எனக்கு லேட்டு, பதினொண்ணாவது நாள் அவருக்கு மூட்டு வலி, பன்னெண்டாவது நாள் மழைத் தூறல், பதிமூணாவது நாள் ரெண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கல. நல்ல பார்க்குதான், தூரமும் ஒண்ணும் பெருசு இல்ல, வண்டில கால் மணி நேரம். ஆனா ஹெல்மெட் தேடி, வண்டி எடுத்து, பார்க்கிங் பண்ணி, திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தர் காத்துக் கெடந்துன்னு ஒரு வேலையா ஆயிருச்சுல்ல, அங்கயே கணக்கு ஒதைக்குது. செருப்ப மாட்டுனா போயி நிக்கணும், அப்பத்தான் நடக்கும்.

அப்டித்தான் வீடு தேட ஆரம்பிச்சது. மதுரைல வீடு தேடுனா மொத கேள்வியே "ஒத்திக்கா வாடகைக்கா"தான். ஒத்தின்னா தெரியும்ல, மொத்தமா ஆறு லட்சம் ஏழு லட்சம்னு குடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்றப்ப அதே பணத்தை வட்டியில்லாம திருப்பி வாங்கிக்கிறது. நம்மகிட்ட அவ்ளோ பணம் ஏது, அதுவும் ஒத்திப் பணம் திரும்பி வர்றதுக்குள்ள நாக்குத் தள்ளிப்போன கதை சொந்தக்காரய்ங்க வீட்லயே ரெண்டு உண்டு, அதனால வாடகைதான்னு முடிவு. புரோக்கர் ஒருத்தர் மாட்டுனாரு. பார்க் பக்கத்துலன்னு சொன்னதும் மனுஷனுக்கு மொகம் மலர்ந்துருச்சு. "சார் பார்க் ஃபேசிங் ஒண்ணு இருக்கு, ஜன்னலத் தெறந்தா ஊட்டி." வாடகை பதினஞ்சாயிரம், அதே ஏரியால உள் தெரு வீடெல்லாம் பன்னெண்டரை. அட்வான்ஸ் ஓனர் அஞ்சு மாசம் கேட்டாரு. அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு 2017ல போட்ட வாடகைச் சட்டத்துலயே இருக்கு, 2019ல இருந்து அமல்ல இருக்கு, ஆனா வீடு பார்க்கப் போறப்ப சட்டம் பேசுனா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாய்ங்க, நமக்கு வாய் அடைச்சுப் போகும். எப்டியோ பேசி நாலு மாசத்துல நின்னோம்.

இதுல ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும். புரோக்கர் எங்களைக் கூட்டிட்டுப் போனது காலைல பதினோரு மணிக்கு. தெருவே அம்புட்டு அமைதி. பார்க் கேட்டு பூட்டியிருக்கு, உள்ள ஒரு அணில் மட்டும் ஓடுது, ஜன்னல் வழியா புங்க மர நிழல் ஹால் வரைக்கும் வந்து ஆடுது. எங்க வீட்டம்மா என்னைய ஒரு பார்வ பார்த்தா, அந்தப் பார்வைக்கு அர்த்தம் இப்பவே அட்வான்ஸக் குடுன்னு.

குடி வந்த மறுநாள் காலைல அஞ்சு மணிக்குத்தான் உண்மை தெரிஞ்சது. வீடு பார்க் கேட்டுக்கு நேர் எதிர். அஞ்சு மணிக்கு கேட்டு தொறக்குற சத்தம், இரும்பு கேட்டு, கீல்ல எண்ணெய் கண்டு பல வருஷம் இருக்கும், க்க்ரீீச்சுன்னு ஒரு இழுப்பு. அதுக்கு மேல அலாரம் எதுக்கு. அஞ்சே காலுக்குள்ள நம்ம வீட்டு வாசல்ல ஏழு பைக்கு. நடக்க வர்றவுங்கதான், நடக்க வர்றதுக்கு எதுக்கு பைக்குன்னு கேக்காதீங்க, நானும் கேட்டுப் பார்த்துட்டேன். அஞ்சரைக்கு ஸ்பீக்கர்ல பக்திப் பாட்டு. ஆறு மணிக்கு சிரிப்புப் பயிற்சி கோஷ்டி, பதினஞ்சு பேரு வட்டமா நின்னு கையத் தூக்கி ஹா ஹா ஹான்னு சிரிப்பாங்க. அவுங்க சந்தோஷத்த நான் கெடுக்க விரும்பல, ஆனா நைட்டு ஒரு மணிக்கு ஆபீஸ் கணக்கு முடிச்சுப் படுத்தவனுக்கு காலங்காத்தால எதுக்கு இந்த ஊரு நம்மளப் பார்த்துச் சிரிக்குதுன்னு இருக்கும். சாயந்தரம் வேற சீன். பேல் பூரி வண்டி, பொம்மை வண்டி, பஞ்சு மிட்டாய், அத்தனையும் எங்க வாசலோட ஓரத்துல. பார்க்குக்குள்ள டாய்லெட் இருக்கு, பூட்டு போட்டுத்தான் இருக்கும், சாவி யார்கிட்டன்னு அந்தப் பூட்டுக்கே தெரியாது. அதனால சின்னப் புள்ளைகளத் தூக்கிட்டு வந்து "அக்கா கொஞ்சம் பாத்ரூம்"னு நம்ம கதவத் தட்டுவாங்க. புள்ளைக்கு எப்டி மாட்டேன்னு சொல்றது. ஒரு ஞாயித்துக்கெழமை எங்க வீட்டம்மா எண்ணுனா, அஞ்சு புள்ளை, ஒரு பாட்டி.

தூக்கம் போச்சு, வண்டிய வெளிய எடுக்க முடியல, வீட்ல ரெண்டு பேருக்கும் எதுக்கெடுத்தாலும் சண்டை. அக்ரிமென்ட்டு பதினோரு மாசம் முடிஞ்ச அன்னைக்கே காலி பண்ணிட்டோம். ஏரியாவ விட்டே போயிரலாம்னுதான் இருந்தேன், அப்பாதான் மாட்டேன்னுட்டாரு. "நீ எங்க வேணா போ, நான் இந்த பார்க்க விட்டு வரமாட்டேன்." அந்தப் பதினோரு மாசத்துல அவருக்கு அங்க ஒரு ஒலகமே ஆயிருந்துச்சு, எனக்குத்தான் தெரியல.

அப்டிப் பார்த்துப் பிடிச்சதுதான் இப்ப இருக்குற வீடு. பார்க்கோட பின் பக்கம், தெரு முக்குல இருந்து மூணாவது வீடு. பார்க்கோட பின் சுவருல ஆள் நொழையிற மாதிரி ஒரு சின்ன கேட்டு, பைக்கு நிறுத்த எடம் கெடையாது, வண்டிக் கடை கெடையாது, அதனால கூட்டமும் கெடையாது. வாடகை பன்னெண்டாயிரத்து எட்டுநூறு. வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா பார்க்கு தெரியாது, மாடிக்குப் போனா மரத்தோட தலை தெரியும், அவ்ளோதான். ஊட்டியெல்லாம் இல்ல. ஆனா செருப்ப மாட்டி கேட்டுக்குள்ள கால வைக்க ஒன்றரை நிமிஷம். பார்க் ஃபேசிங்னு ரெண்டாயிரம் மூவாயிரம் சேத்து வாங்குறாய்ங்க பாருங்க, அது ஜன்னல் காட்சிக்குக் குடுக்குற காசு. குடி வந்த பத்தாம் நாள் அந்த ஜன்னல் தூசிக்கும் சத்தத்துக்கும் பயந்து சாத்தித்தான் இருக்கும். நமக்கு வேண்டியது தூரம் கம்மியா இருக்கணும், அது பின் தெருவுலயும் அதே அளவுக்குக் கெடைக்குது.

இப்ப நல்லதுக்கு வாரேன். மதுரை வெயிலப் பத்தி மதுரைக்காரவுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. சித்திரை, வைகாசில 40 டிகிரியத் தொடுறதெல்லாம் சாதாரணம், பழைய வீட்ல ராத்திரி பதினோரு மணிக்கு சுவத்துல கை வச்சா சுடும். பகல் பூரா காங்கிரீட்டும் தார் ரோடும் சூட்டக் குடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி நம்ம மேல துப்புதுல்ல, அதான். மரம் உள்ள எடத்துல வெயில் தரைக்கே வர்றதில்ல, போதாததுக்கு எல வழியா தண்ணி ஆவியாப் போறப்ப சுத்தி உள்ள சூட்டயும் இழுத்துக்கிட்டுப் போகுது, மண்பானை தண்ணி குளிர்ற அதே சங்கதிதான். அந்தக் குளிர்ச்சி எங்க தெரு வரைக்கும் வருதான்னா, சாயந்தரம் ஆறு மணிக்கு மேல கொஞ்சம் தெரியும், பகல்ல ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு ஏக்கர் பார்க்கு ஊரையே குளுர வைக்குமா என்ன. ஆனா பார்க்குக்குள்ள காலடி வச்சதும் ஒடம்பு ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அது பொய்யில்ல. கரண்டு போன ராத்திரில ஃபேன் நின்னதும் தெருவுல பாதி பேரு பின் கேட்டு திண்டுல போயி உக்காந்துருவோம். எங்க அம்மாச்சி வீட்டுத் திண்ணைல உக்காந்த ஞாபகம் வரும் எனக்கு.

மரத்துக்கு மரம் ஒரு காலண்டர் ஓடுது அங்க. பங்குனி சித்திரைல வேப்பம்பூ பாயி விரிச்ச மாதிரி கொட்டும், தெருவே லேசாக் கசந்த ஒரு வாசம். எங்க வீட்டம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் பழைய சேலைய மரத்தடில விரிச்சுட்டு வந்துருவாங்க, காலைல போயி அள்ளிட்டு வந்து காய வச்சா வருஷத்துக்கும் வேப்பம்பூ ரசம். அப்புறம் கொன்றை மஞ்சளா சரம் சரமாத் தொங்கும். அந்த நேரம் பார்த்து சித்திரைத் திருவிழா, அழகர எதிர்கொண்டு கும்பிடுற எதிர்சேவைக்கு தல்லாகுளம் பக்கம் நடந்தே போயிட்டு நடந்தே திரும்பிடலாம், பார்க்கிங் தேடி அலைய வேணாம், நடு ஊர்ல இருந்த வரைக்கும் கோயில் பக்கத்துல இருக்கோம்னு ஒரு கெத்து இருந்துச்சு, இங்க வந்தா அழகர் நம்ம பக்கம் வர்றாருன்னு இன்னொரு கெத்து. அன்னைக்கு மட்டும் பார்க்குல வெளியூர்க்காரவுங்க கட்டுச்சோத்த பிரிச்சு வச்சு உக்காந்துருப்பாங்க, புளியோதரை வாசத்துல நடக்க வந்தவன் நடக்காம திரும்பிப் போவான்.

அப்பா கதைய சொல்லிர்றேன். காலைல அஞ்சரைக்கு உள்ள போனா ஏழரைக்குத்தான் வெளிய வருவாரு. இதுல நடக்குறது முப்பது நிமிஷம், மீதி பெஞ்சு. ரிடையர்டு கண்டக்டர் ஒருத்தர், மாட்டுத்தாவணில பழக்கடை வச்சிருந்து மகன்கிட்ட விட்டுட்டு வந்த அண்ணாச்சி ஒருத்தர், ஹெட்மாஸ்டரா இருந்த ஒரு ஐயா, எங்கப்பா, நாலு பேருதான் கோஷ்டி. பெஞ்சு மாத்தி மாத்தி உக்காருறதுக்கு ஒரு டைம்டேபிள் வச்சிருக்காங்க, ஆறரை வரைக்கும் கெழக்கால உள்ள பெஞ்சு, வெயில் ஏறுனதும் வேப்ப மரத்தடி. பேச்சு என்னன்னு நெனைக்கிறீங்க, கண்டக்டர் ஐயா எந்த ஊருக்கு எந்த வருஷம் என்ன டிக்கெட்டுன்னு சொல்லுவாரு, அப்பா இல்லைன்னுவாரு, ஹெட்மாஸ்டர் ரெண்டு பேருக்கும் மார்க் போடுவாரு. எங்கம்மா போனதுக்கு அப்புறம் வீட்ல ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம்னு இருந்த மனுஷன் அது.

போன கார்த்திகைல அவருக்குக் காய்ச்சல், ரெண்டு நாளா போகல. மொத நாள் ஒண்ணுமில்ல. ரெண்டாவது நாள் காலைல ஆறே முக்காலுக்கு கதவத் தட்டுற சத்தம், தொறந்தா மூணு பேரும் வாசல்ல நிக்கிறாங்க, மங்கிக் குல்லா, கைல குச்சி, பழக்கடை அண்ணாச்சி கைல ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. உள்ள பருத்திப்பால், கருப்பட்டியும் சுக்கும் போட்டு கொதிக்கக் கொதிக்க. "என்னய்யா, ஆளையே காணோம், செத்துக் கித்துப் போயிட்டியோன்னு பாக்க வந்தோம்"னாரு கண்டக்டர். அப்பா படுக்கைல இருந்தே, "உன் டிக்கெட்டக் கிழிக்காம நான் போகமாட்டேன்"னாரு. மூணு பேரும் கட்டில் ஓரத்துல வரிசையா உக்காந்து, தூக்குவாளி மூடிலயே ஊத்தி ஊத்திக் குடுத்து, அரை மணி நேரம் சலம்பிட்டுப் போனாங்க. அன்னைக்குத்தான் அவர் ரெண்டு இட்லி முழுசா சாப்பிட்டாரு. வடக்கு மாசி வீதில பதினாறு வருஷம் இருந்தோம், அங்கயும் நல்ல மனுஷங்கதான், ஆனா காலைல ஒருத்தரக் காணோம்னு கணக்கெடுக்குற மாதிரி எல்லாரும் கூடுற ஒரு எடம் அங்க இல்ல.

சுகர் கொறஞ்சுதான்னு கேப்பீங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்குற அந்த சராசரி டெஸ்ட்ல கொறஞ்சுதான் இருக்கு. ஆனா நடுவுல டாக்டர் மாத்திரையும் மாத்துனாரு, ராத்திரி சோத்துக்குப் பதிலா சப்பாத்தியும் ஆச்சு, அதனால எல்லாப் புகழும் பார்க்குக்கேன்னு எழுத மாட்டேன். வாரத்துக்கு 150 நிமிஷம் நடைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றத அவரு அஞ்சு நாள்ல முடிச்சுர்றாரு, அது மட்டும் பார்க்கு தயவு.

என் மவனுக்கு ஏழு வயசு. அவனுக்கு பார்க்குன்னா சறுக்கு இல்ல, சறுக்குக்குப் பின்னாடி உள்ள மண்ணு. சறுக்குல ஏறுறதே மேல நின்னு யார் வர்றான்னு பாக்கத்தான். செல்போன் கேக்குறது கொறஞ்சுச்சான்னா கொறையல, பார்க்குக்குப் போயிட்டு வந்து கேக்குறான். ஆனா அழுக்குக் காலோட வந்து கேக்குறான்ல, அது தேவல.

வாசல் கடைங்களுக்குத் தனி ரிவ்யூ போடணும். காலைல முன் கேட்டுல மூலிகை சூப் வண்டி, வாழைத்தண்டு, முருங்கைக் கீரை, முடவாட்டுக் கிழங்குன்னு அட்டைல எழுதித் தொங்கும், எதைக் குடிச்சாலும் மொளகுத்தூள் ருசி ஒண்ணுதான் வரும், பத்துக்கு அஞ்சு. அருகம்புல் ஜூஸ் நமக்கு ஆகாது, மாடு மாதிரி ஃபீல் ஆகுது. முளைகட்டின பயறு நல்லா இருக்கும், ஆனா ஏழு மணிக்கு மேல போனா ஈ. பருத்திப்பால் சாயந்தரமும் வரும், அதுக்குப் பத்துக்குப் பத்து, மதுரைல பொறந்ததுக்கு ஜிகர்தண்டாவ விட இதுக்குத்தான் நான் சந்தோஷப்படுவேன், ஊரு பேரு வாங்குனது மட்டும் ஜிகர்தண்டா. நடந்து கொறைச்சத வடைல ஏத்திட்டுப் போறவுங்கள தெனம் பாக்கலாம், நானும் அதுல ஒருத்தன்.

குறைன்னா மொதல்ல கொசு. ஐப்பசி மழை பிடிச்சா போதும், சாயந்தரம் ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் ஜன்னல் தொறக்கக் கூடாது. அந்த ஃபவுண்டன் தொட்டில மழைத்தண்ணி தேங்கி நிக்கும், அது போதாதா. டெங்கு கொசு சாக்கடைல இல்ல, நல்ல தண்ணிலதான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சுரும், பகல்லயே கடிக்கும். பெட்டிஷன் எழுதிப் பார்த்தோம், வந்து பாக்குறேன்னாங்க, கடைசில பழக்கடை அண்ணாச்சியே ரெண்டு வண்டி மண்ணு எறக்கி தொட்டியில ரொப்பி அதுல கனகாம்பரம் நட்டுட்டாரு. ஃபவுண்டன்ல கனகாம்பரம் பூக்குற பார்க்கு ஒலகத்துலயே எங்களுதாத்தான் இருக்கும். அடுத்து சருகு எரிக்கிறது. கூட்டி ஒரு மூலைல குமிச்சு நெருப்பு வச்சுட்டுப் போயிர்றாங்க, சுத்தமான காத்துக்குன்னு வந்தவன் மூச்சுத் தெணறி ஓடணும், எரிக்கக் கூடாதுன்னு திடக்கழிவு விதியிலயே இருக்கு, மக்க வச்சா அவ்ளோவும் உரம். ஓப்பன் ஜிம்முன்னு போட்ட சாமான்ல ரெண்டு துருப்பிடிச்சு ஆட்டம் காணுது, ஊஞ்சல்ல ஒரு சங்கிலி அறுந்து வருஷமாச்சு. நாய் ஆறு இருக்கு, பழகிட்டா ஒண்ணும் செய்யாது, புதுசா குடி வர்றவுங்க மொத வாரம் பிஸ்கட்டோட போங்க. மழைக் காலத்துல சாரப்பாம்பு ஒண்ணு ரெண்டு தட எங்க காம்பவுண்டுக்கே வந்துச்சு, அது எலி புடிக்க வர்றது, விஷமில்ல, ஆனா அத எங்க வீட்டம்மாகிட்ட யாரு சொல்றது.

பெரிய எரிச்சல் என்னன்னா காலைல பத்து மணியோட பூட்டி சாயந்தரம் நாலு மணிக்குத்தான் தொறக்குறாங்க. வெயில்ல நிழல் வேணுங்குற நேரம் எது, அந்த நேரம்தான். ரோட்டுல நிக்கிற டெலிவரி பையன், பூ விக்கிற அம்மா, எல்லாரும் சுவத்துக்கு வெளிய விழுற அரை முழம் நிழல்ல ஒட்டிக்கிட்டு நிப்பாங்க, உள்ள ஏக்கர் கணக்குல நிழல் சும்மா கெடக்கும். கேட்டா லவ் ஜோடிங்க வந்துருதுகன்னு காரணம். வந்தா வரட்டுமே, அதுக பாட்டுக்கு உக்காந்து பேசிட்டுப் போகும், யாருக்கு என்ன வந்துச்சு. இதச் சொல்லி எங்கப்பாவோட ஒரு வாரம் சண்டை.

இந்த ஏரியா பட்ஜெட்டுக்கு ஒத்து வரலன்னா இதே மாதிரி வேற எடமும் பாக்கலாம். பொடிநடையா போற தூரத்துல தண்ணி வேணும்னா வண்டியூர் கண்மாய் கரைப் பக்கம், மழை பெஞ்ச வருஷம் நீர்க்காக்கா, மடையான், தாழைக்கோழின்னு காலைல நல்ல வேடிக்கை, தண்ணி வத்துனா மட்டும் ஒரு மாதிரி இருக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கவுங்களுக்கு மாரியம்மன் தெப்பக்குளம், 1645ல திருமலை நாயக்கர் வெட்டுனது, மஹால் கட்ட மண்ணு எடுத்த குழின்னு சொல்லுவாங்க, நாலு கரையும் சுத்தி வந்தா ஒரு கிலோமீட்டருக்கு மேல வந்துரும், பூட்டு இல்ல கேட்டு இல்ல, ஆனா சாயந்தரம் கடையும் கூட்டமும் ஜாஸ்தி, அங்கயும் என் ரூல்தான், கரைய ஒட்டி எடுக்காதீங்க, ஒரு தெரு உள்ள தள்ளி எடுங்க. புது நத்தம் ரோட்டுல 2023ல கலைஞர் நூலகம் வந்ததுல இருந்து அங்கிட்டு வாடகை சும்மா எகிறுது, படிக்கிற புள்ளைக இருக்க வீட்டுக்கு பார்க்க விட அது லாபம்னு ஒரு கட்சி இருக்கு, எனக்கும் பாதி சம்மதம்.

சொந்தமா மனை வாங்குறவுங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பார்க் ஃபேசிங் பிளாட்டுன்னு நோட்டீஸ் குடுத்து சதுரடிக்கு சேத்து வாங்குறாங்கல்ல, 10,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா ரோடு போக மிச்சத்துல பத்துல ஒரு பங்கு பொது எடமா விட்டே ஆகணும், அது அவுங்க நமக்குப் போடுற பிச்சை இல்ல, ரூலு. அத தான செட்டில்மென்ட்டா உள்ளாட்சிக்கு எழுதிக் குடுத்துருக்கணும். அப்ரூவ் ஆன வரைபடத்துல பச்சையா இருக்கா, அந்த தானப் பத்திரம் பதிஞ்சாச்சான்னு ரெண்டையும் பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க. வெறும் போர்டு நட்டு "பூங்கா"ன்னு எழுதி வச்ச எடத்துல அஞ்சு வருஷம் கழிச்சு வேற என்னமோ எந்திரிச்சு நிக்கும், நம்ம வீடு கல்யாண மண்டபம் ஃபேசிங்கா ஆயிரும்.

வாடகைக்குன்னா அவ்ளோ ஆராய்ச்சி வேணாம். வீட்ட மூணு நேரம் போயிப் பாருங்க, விடியக்காலை, சாயந்தரம், ஒரு ஞாயித்துக்கெழமை. புரோக்கர் வரமாட்டாரு, நீங்களா போங்க.

நேத்து சனிக்கெழமை, லீவு, அப்பாவோட முன் கேட்டு வழியா சுத்தி நடந்து கடைக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தோம். நாங்க மொதல்ல இருந்த எதுத்த வீடு மறுபடியும் காலி, எங்களுக்கு அப்புறம் ரெண்டு குடும்பம் வந்து போயிருச்சு. வாசல்ல அதே புரோக்கர், கூட ஒரு சின்னஞ்சிறு ஜோடி, கல்யாணமாகி ஆறு மாசம் இருக்கும், அந்தப் பொண்ணு ஜன்னலப் பார்த்துட்டு அந்தப் பையனப் பாக்குற பார்வை எங்கயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு. மணி பார்த்தேன், பதினொண்ணு பத்து. நான் பேசாம வந்துருப்பேன், நமக்கு எதுக்கு வம்பு. அப்பா நின்னுட்டாரு. புரோக்கருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அந்தப் பையன்கிட்ட, "தம்பி, வீடு அருமையான வீடு, நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு ஒருக்கா வந்து பாருங்க, நான் இங்கதான் இருப்பேன், பருத்திப்பால் வாங்கித் தாரேன்"னாரு. புரோக்கர் என்னைய முறைக்கிறாரு. நான் பையத் தூக்கிக்கிட்டு கத்திரிக்கா வாடிரும்ப்பா வாங்கன்னு நடையக் கட்டிட்டேன்.